கூலியையும் செலவில் எழுதுங்கள்: தோட்டப்புறப் பிள்ளைகளுக்கு வியாபாரம் கற்றுக்கொடுப்பது எப்படி?

கேள்வி: மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் ஒரு கோயில் மண்டபத்தில், பள்ளி முடிந்த பிறகு இடைநிலைப்பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவச டியூசன் நடத்துகிறோம். பெரும்பாலும் தோட்டத்துப் பிள்ளைகள். சிலர் தோட்டத்தை விட்டு மலிவு வீடுகளுக்கு வந்த குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். டியூசனோடு தொழில்முனைவும் சொல்லிக்கொடுக்க நினைக்கிறோம். எங்கிருந்து தொடங்குவது? வெற்றிபெற்ற தொழிலதிபர்களை அழைத்துப் பேச வைக்கலாமா?

பதில்:

பேச்சாளர்களை இப்போதைக்கு அழைக்க வேண்டாம். "நீயும் முதலாளி ஆகலாம்" என்று இரண்டு மணி நேரம் முழங்கிவிட்டுப் போனால் அன்றைக்குக் கைத்தட்டல் கிடைக்கும். மறுநாள் காலையில் பிள்ளையின் வீட்டில் எதுவும் மாறியிருக்காது. மாறாதது தன் குறைதான், தனக்குத்தான் வெறி போதவில்லை என்று அது நினைக்கத் தொடங்கும். ஏழை வீட்டுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது. இன்னொரு காரணமும் உண்டு. மேடையை விட்டு இறங்கியதும் உறுப்பினர் பாரத்தை நீட்டுகிறவர்கள் நம் ஊர்களில் நிறைய. ஆள் சேர்த்தால் காசு என்னும் பிரமிடுத் திட்டங்களை 1993ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. ஆனாலும் அவை புதுப்புதுப் பெயரில் தோட்டத்துக்குள் வருகின்றன. "பொருளை விற்றுச் சம்பாதிப்பதா, ஆளைச் சேர்த்துச் சம்பாதிப்பதா?" என்று கேட்கத் தெரிந்த பிள்ளை தப்பித்துக்கொள்ளும். அந்தக் கேள்வியை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

இடைநிலைப்பள்ளியில் வணிகப் பாடம் நடத்தியவள் நான். ஓய்வுக்குப் பிறகு பேராக்கிலும் கெடாவிலும் உங்களுடையதைப் போன்ற வகுப்புகளுக்கு உதவி வருகிறேன். ஒன்றே ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: பிள்ளைகளுக்குத் தங்கள் நேரத்துக்கு விலை போடக் கற்றுக்கொடுங்கள். மற்றதெல்லாம் அதன் பின்னால் வரும்.

உழைப்பு நம் பிள்ளைகளுக்குப் புதிதல்ல. தாத்தாவும் பாட்டியும் விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது காலை ஆள்கணக்கெடுப்புக்கு, போய் நின்றவர்கள். ரப்பர்ப் பால்மரம் வெட்டினார்கள், பிறகு எண்ணெய்ப்பனையான செம்பனையில் குலை தள்ளினார்கள், உதிரிப் பழம் பொறுக்கினார்கள். இத்தனை தலைமுறையிலும் ஒரு நாள் வேலைக்கு என்ன விலை என்பதை அவர்கள் போட்டதில்லை, இன்னொருவர்தான் போட்டார். செக்ரோல் என்ற சம்பளப் பதிவேட்டில் எழுதியதை மாதக் கடைசியில் வாங்கினார்கள். இன்றைக்குத் தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலைக்கும் லோரிக்கும் பாதுகாவலர் வேலைக்கும் போன பிறகும் அதே கதைதான். அதனால்தான் அந்த வீட்டு அம்மா சொந்தமாக முறுக்கு சுட்டு விற்கும்போதும் மாவுக் காசையும் எண்ணெய்க் காசையும் மட்டும் கழித்துவிட்டு மிச்சத்தை லாபம் என்கிறார். அடுப்படியில் நின்ற நேரத்துக்கு ஒரு காசும் எழுதுவதில்லை. எழுதலாம் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை.

இந்தக் கணக்கை முதல் வகுப்பிலேயே வெண்பலகையில் போடுங்கள். விலைகளை உங்கள் ஊர்க் கடையில் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். இரண்டு கிலோ மாவில் முறுக்கு. மாவு, உளுந்து, எண்ணெய், ஓமம் எல்லாம் சேர்ந்து 24 வெள்ளி (ரிங்கிட்) என்று வைப்போம். கேஸ் 3 வெள்ளி. பாக்கெட்டும் ஸ்டிக்கரும் 4 வெள்ளி. ஆக 31. இருபது பாக்கெட், ஒன்று 3 வெள்ளி, மொத்தம் 60 வெள்ளி வரவு. "29 வெள்ளி லாபம் டீச்சர்!" என்று வகுப்பே கத்தும். கத்தட்டும். பிறகு, எத்தனை பேர் எவ்வளவு நேரம் வேலை செய்தார்கள் என்று கேளுங்கள். அம்மாவும் மகளும் ஆளுக்கு மூன்று மணி நேரம், மொத்தம் ஆறு. 29ஐ ஆறால் வகுத்தால் மணிக்கு 4 வெள்ளி 83 காசு. இப்போது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளத்தை எழுதுங்கள். 2025இலிருந்து அது மாதத்துக்கு 1,700 வெள்ளி. வாரம் 45 மணி நேர வேலைக்கு அதைப் பகிர்ந்தால் மணிக்கு 8 வெள்ளி 72 காசு வரும். அம்மா தன் சொந்த வியாபாரத்திலேயே, சட்டம் சொல்லும் கூலியில் பாதியைச் சற்றே தாண்டித்தான் தனக்குக் கொடுத்துக்கொள்கிறார் என்பது பிள்ளைகளுக்கு அங்கே உறைக்கும்.

அதோடு விட்டுவிடாதீர்கள். அங்கே நிறுத்தினால் அம்மாவின் உழைப்பைக் குறை சொன்னதாகிவிடும். என்ன செய்யலாம் என்று கேளுங்கள். விலையை ஏற்றலாம் என்பார்கள். 52 வெள்ளி 32 காசு கூலியையும் சேர்த்தால் ஒரு பாக்கெட்டின் அடக்கவிலையே 4 வெள்ளி 17 காசு ஆகிறது. பக்கத்துக் கடையில் 3 வெள்ளி 50 காசுக்குக் கிடைத்தால் யார் வாங்குவார்? யோசிக்க விடுங்கள். எண்ணெய் காய வைப்பதும், இடத்தை ஒதுக்குவதும், கடைசியில் கழுவி எடுப்பதும் இரண்டு கிலோவுக்கும் நான்கு கிலோவுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் பிடிக்கும் என்று, வீட்டில் கூட நின்ற ஒரு பெண் கட்டாயம் சொல்வாள். நான்கு கிலோவை ஆளுக்கு நான்கு மணி நேரத்தில் முடித்தால் பொருளுக்கு 62, கூலிக்கு 69 வெள்ளி 76 காசு. நாற்பது பாக்கெட்டுக்குப் பகிர்ந்தால் அடக்கவிலை 3 வெள்ளி 29 காசு. இப்போது 3 வெள்ளி 50 காசுக்கு விற்கலாம். அம்மாவுக்கு முழுக்கூலியும் கிடைக்கும், மேலே கொஞ்சம் லாபமும் நிற்கும். நாற்பது பாக்கெட்டையும் விற்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. அதற்குச் சந்தைக்குப் போய்த்தான் பதில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்த ஒரு கணக்கிலேயே அடக்கவிலை, நிலையான செலவு, போட்டி, உற்பத்தி அளவு எல்லாம் வந்துவிட்டன. சொற்களை முன்னால் சொல்லாதீர்கள். எஸ்.பி.எம். என்னும் ஐந்தாம் படிவத் தேர்வுக்கு வணிகம் எடுக்கும் பிள்ளைகள் பாடநூலில் அவற்றைச் சந்திக்கும்போது, ஏற்கெனவே தெரிந்தவர்களைச் சந்தித்ததைப் போல இருக்கும்.

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்த்துவிடுவோம். வசதியில்லாத பிள்ளைகளுக்குத் தொழில்முனைவு கற்பிக்கும் முயற்சிகளில் பேர்பெற்ற ஒன்று, 1987இல் ஸ்டீவ் மரியோட்டி நியூயார்க்கில் தொடங்கியது. வியாபாரத்திலிருந்து ஆசிரியர் வேலைக்கு வந்தவர் அவர். வகுப்பில் அடங்காத பிள்ளைகள், பணம் எப்படிச் சம்பாதிக்கப்படுகிறது என்று பேசியபோது கவனித்தார்கள் என்பதைக் கண்டு அதையே பாடமாக்கினார். ஆனால் இத்தகைய திட்டங்கள் எல்லாமே நினைத்ததைத் தருவதில்லை. நெதர்லாந்தில் தொழிற்கல்லூரி மாணவர்கள் சேர்ந்து ஒரு சிறு நிறுவனம் நடத்தும் திட்டத்தை ஆராய்ந்து 2010இல் ஒரு கட்டுரை வந்தது. மாணவர்களின் திறன் கூடியதாகத் தெரியவில்லை. சொந்தத் தொழில் செய்யும் ஆசை குறைந்துகூடப் போயிருந்தது. இதைத் தோல்வி என்று நான் எடுத்துக்கொள்ளவில்லை. தொழில் என்றால் என்னவென்று உள்ளே போய்ப் பார்த்துவிட்டு, எனக்கு இது வேண்டாம் என்று ஒரு பிள்ளை சொன்னால், அது பல்லாயிரம் வெள்ளிக் கடனிலிருந்து தப்பித்திருக்கிறது. அதே நாட்டில் 11, 12 வயதுப் பிள்ளைகளிடம் நடந்த இன்னோர் ஆய்வில் வியாபார அறிவு கூடவில்லை. ஆனால் விடாமுயற்சி, தன்னால் முடியும் என்ற எண்ணம் போன்றவை கூடியிருந்தன. அதனால் படிவம் ஒன்று, இரண்டில் இருக்கும் சின்னப் பிள்ளைகளைச் சேர்க்கத் தயங்காதீர்கள்.

நம் கதைக்கு எனக்கு மிகவும் நெருக்கமாகத் தெரிவது டொமினிக்கன் குடியரசில் சிறுகடன் வாங்கிய வியாபாரிகளிடம் நடந்த ஆய்வு, 2014இல் வெளியானது. ஒரு குழுவுக்கு முறையான கணக்கியல் பாடம் நடத்தினார்கள். இன்னொரு குழுவுக்கு எளிய விதிகள் சிலவற்றை மட்டும் சொன்னார்கள். அதில் முக்கியமானது வீட்டுக் காசையும் கடைக் காசையும் தனித்தனியாக வைப்பது. எளிய விதி கற்றவர்களிடம்தான் நல்ல மாற்றம் தெரிந்தது. ஆகவே ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு சுருக்குப்பை கொடுங்கள், ஒன்று வியாபாரத்துக்கு, ஒன்று தனக்கு. கூலி என்று எழுதிய காசு முதல் பையிலிருந்து இரண்டாவதற்குப் போக வேண்டும். அதன் பிறகு அந்தக் காசைப் பற்றி நீங்கள் ஒன்றும் கேட்கக் கூடாது. சில வீடுகளில் அது அன்றைக்கே அரிசியாகும், கரண்ட் பில்லாகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். முதல் பையில் இருக்கும் வியாபாரக் காசு மட்டும் வீட்டுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

மனப்பான்மை முக்கியமில்லை என்று நான் சொல்லவில்லை. டோகோ நாட்டில் 1,500 சிறு வியாபாரிகளிடம் நடந்த ஆய்வு 2017இல் வந்தது. தானாக முன்னெடுத்துச் செய்யும் பழக்கத்தைப் பயிற்றுவித்தபோது லாபம் 30 விழுக்காடு கூடியது, வழக்கமான வியாபாரப் பாடத்தில் அப்படித் திடமான பலன் தெரியவில்லை. ஆனால் அங்கே செய்தது பேச்சு அல்ல, பயிற்சி. புதிதாக ஒன்றை யோசி, தடை வந்தால் என்ன செய்வாய் என்று எழுது, போய்ச் செய், திரும்பி வந்து சொல். உங்கள் மண்டபத்தில் இதைச் செய்ய ஒரு காசு செலவில்லை.

சுங்கை சிப்புட்டில் நடத்துவதால் துன் சம்பந்தனைப் பற்றியும் சொல்லுங்கள். அவர் பிறந்த ஊர் அது. படத்துக்கு மாலை போடுவதோடு நிறுத்தாமல், அவர் செய்த கணக்கைச் சொல்லுங்கள். சுதந்திரத்தை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் போனபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தொழிலாளிக்கு வேலையும் போனது, வேலையோடு வந்த வீடும் போனது. 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது அந்தத் துண்டாடலுக்கு எதிராகத்தான். தொழிலாளர்கள் பங்குப் பணத்தைத் தவணையாகக் கட்டித் தோட்டங்களை வாங்கினார்கள். கெடாவின் புக்கிட் சீடிம் தோட்டத்திலிருந்து அது தொடங்கியது. நம்மவர்களுக்கு வியாபாரம் ரத்தத்தில் இல்லை என்று யாராவது சொன்னால், கூலிக்காரர்கள் சேர்ந்து தோட்டம் வாங்கிய வரலாறு இருக்கிறது என்று உங்கள் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டும். எனக்கு இது மிகவும் முக்கியம்.

இனி நடைமுறை. முதலில் சோறு. ஒன்றரை மணிக்குப் பள்ளி முடிந்து வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்கு அடக்கவிலை ஏறாது. அடுத்தது பேருந்து. தோட்டம் ஊரிலிருந்து தூரமாக இருந்தால் பள்ளிப் பேருந்தை விட்ட பிள்ளை எப்படி வீட்டுக்குப் போகும்? இதற்கு விடை இல்லாவிட்டால் வகுப்பைத் தோட்டத்துக்கே கொண்டுபோங்கள். பழைய ஆயாக் கொட்டகையோ (குழந்தைக் காப்பகம்) கோயில் தாவாரமோ போதும். முக்கியமாகப் பெண்பிள்ளைகள் நின்றுபோவது பாடம் பிடிக்காததால் அல்ல, இருட்டிய பிறகு வீடு திரும்பும் வழியால்தான்.

பத்துப் பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். இரண்டிரண்டு பேராகச் சேர்த்து, ஒவ்வொரு இணைக்கும் 30 வெள்ளி முதல் கொடுங்கள். அது அன்பளிப்பல்ல, திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். நட்டம் வந்தால் நோட்டைக் காட்டட்டும். ஒழுங்காக எழுதியிருந்தால் கடனைத் தள்ளிவிட்டு மறுபடியும் 30 வெள்ளி கொடுங்கள். எழுதாமல் லாபம் காட்டினால் அடுத்த முதல் இல்லை. நோட்டில் நான்கு பத்தி: தேதி, வரவு, செலவு, நேரம். நான்காவதைத்தான் எல்லோரும் விட்டுவிடுவார்கள். அதை மட்டும் நீங்கள் விடாமல் பாருங்கள்.

என்ன விற்பது என்று நீங்கள் தீர்மானிக்காதீர்கள். முறுக்கும் அதிரசமும் ஆண்டுக்கு ஒரு பருவம்தான். பூமாலை கட்டத் தெரிந்த பெண்ணுக்கு வெள்ளிக்கிழமைதோறும் கோயில் வாசல் இருக்கிறது. கறிவேப்பிலை, முருங்கைக்கீரை, வாழையிலை வீட்டுக் கொல்லையிலேயே இருக்கும். செம்பனை மட்டையிலிருந்து ஈர்க்கு உருவி விளக்குமாறு கட்டலாம். ஆனால் மட்டை தோட்டத்துக்குச் சொந்தம், மேலாளரிடம் அனுமதி வாங்காமல் எடுக்க விடாதீர்கள். மருதாணி இடுவது, மோட்டார் சைக்கிள் கழுவுவது, சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்புச் சொல்லித் தருவது போன்ற சேவைகளில் நேரம்தான் பொருள். அங்கே கூலிக் கணக்கு இன்னும் தெளிவாகப் புரியும். மோட்டார் கழுவிய ஒரு பையன் எனக்கு நினைவுக்கு வருகிறான். நேரத்தை எழுதிப் பார்த்துவிட்டு, தண்ணீர் தூக்கும் நேரம்தான் தன் கூலியைத் தின்கிறது என்று கண்டுபிடித்து, குழாய் உள்ள வீட்டுக்காரரிடம் பேசி இடத்தை மாற்றினான். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

விற்பனையைத் தமிழில் மட்டும் பழக்கினால் பாதி ஊரை இழந்துவிடுவார்கள். "கூராங் சிக்கிட் லா" (கொஞ்சம் குறையுங்கள்) என்று ஒரு மலாய்க்கார அம்மா பேரம் பேசினால், சிரித்த முகத்தோடு மலாயில் பதில் சொல்லத் தெரிய வேண்டும். எவ்வளவு வரை இறங்கலாம் என்பதை அடக்கவிலை தெரிந்த பிள்ளை மனசுக்குள் வைத்திருக்கும். முஸ்லிம் வாடிக்கையாளர் கேட்டால் என்னென்ன சேர்த்தோம் என்று உண்மையைச் சொல்ல வேண்டும். சான்றிதழ் இல்லாமல் ஹலால் என்று ஸ்டிக்கரில் போடக்கூடாது.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். எஸ்.எஸ்.எம். என்னும் நிறுவன ஆணையத்தில் வியாபாரம் பதிய 18 வயது ஆகியிருக்க வேண்டும். ஆகவே பிள்ளைகளின் விற்பனையைப் பள்ளிக் கூட்டுறவுக் கடை, கோயில் திருவிழா, அல்லது ஏற்கெனவே பதிந்த பெற்றோரின் கடை வழியாக நடத்துங்கள். சந்தையில் கடை போட நகராண்மைக் கழகத்தின் உரிமம் தேவை, அது பெரியவர் பெயரில்தான் இருக்க முடியும். உணவு செய்து விற்பவர்கள் டைபாய்டு தடுப்பூசி போட்டு, உணவு கையாள்வோர் பயிற்சிக்கும் போயிருக்க வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளையை இரவு 8 மணிக்கு மேல் வேலை வாங்குவதைச் சிறார் வேலைச் சட்டம் தடுக்கிறது. உங்கள் வகுப்பை வேலை என்று யாரும் சொல்லாவிட்டாலும், பசார் மாலம் என்னும் இரவுச் சந்தையில் அந்த நேரத்தையே எல்லையாக வையுங்கள்.

பணம் வரத் தொடங்கியதும் ஆபத்தும் வரும். அம்மாக்கள் கூட்டு (சீட்டு) பிடித்துப் பழகியவர்கள். பிள்ளைகள் காசையும் அதில் போடலாமே என்று யாராவது சொல்வார்கள். கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது, உங்கள் வகுப்பின் பெயர் அதில் வரவே கூடாது. பெற்றோர் துணையோடு வங்கிக் கணக்கு திறந்து கொடுங்கள். திறக்கும் அன்றைக்கே, கார்டையும் கடவுச்சொல்லையும் யாருக்கும் வாடகைக்கு விடக்கூடாது என்று அழுத்திச் சொல்லுங்கள். "சும்மா கார்டைக் கொடு, மாதம் 300 தருகிறேன்" என்று கேட்கும் மோசடிக்காரர்களிடம் கணக்கைக் கொடுத்து, கெல்டாய் அக்கவுன் (மோசடிப் பணத்தைக் கைமாற்றும் இரவல் கணக்கு) வழக்கில் சிக்கிய இளையவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அதற்கு இப்போது தண்டனைச் சட்டத்திலேயே தனிப் பிரிவுகள் உள்ளன.

பெற்றோர் ஒன்று கேட்பார்கள்: "படிப்பு கெடாதா?" நியாயமான பயம். படித்தால்தான் தோட்டத்தை விட்டு வெளியேற முடியும் என்று வாழ்ந்து கண்டவர்கள் அவர்கள். வாரம் இரண்டு நாள், தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் விற்பனை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பள்ளியை ஏற்கெனவே விட்டுவிட்ட அண்ணன், அக்கா இருந்தால் களும்பாங்கில் உள்ள மைஸ்கில்ஸ் போன்ற தொழிற்பயிற்சி நிலையங்களைப் பற்றிச் சொல்லுங்கள். கையில் ஒரு தொழில் இல்லாதவனுக்கு வியாபாரப் பாடம் மட்டும் போதாது.

கடன் பற்றி அவசரப்படாதீர்கள். 18 வயதான பிறகு சொந்தப் பெயரில் ஆண்டுக்கு 30 வெள்ளி, வணிகப் பெயரில் 60 வெள்ளி கட்டிப் பதியலாம். இந்திய சமூகத்துக்கென்று அரசின் தெக்குன் நிறுவனம் நடத்தும் ஸ்பூமி கடன் இருக்கிறது. அம்மாக்களுக்கு 1987 முதல் இயங்கும் அமானா இக்தியார் என்ற சிறுகடன் அமைப்பு இருக்கிறது. ஓர் ஆண்டு நோட்டு எழுதி, அதில் கூலி போக லாபம் நின்றிருந்தால் மட்டும் அந்த விண்ணப்பப் பாரங்களை எடுத்துக் கொடுங்கள். கூலியே தேறாத வியாபாரத்துக்குக் கடன் வாங்கினால் பிள்ளை உழைப்பது வட்டிக்குத்தான்.

நன்கொடை தருபவர்கள் எத்தனை தொழிலதிபர்கள் உருவானார்கள் என்று கேட்பார்கள். அந்த எண்ணை வாக்குக் கொடுக்காதீர்கள். எத்தனை நோட்டுகள் ஆண்டு முழுவதும் எழுதப்பட்டன, மணிக்கு எவ்வளவு கூலி நின்றது என்று காட்டுங்கள். இந்தத் தீபாவளிக்கே முதல் சுற்று ஓட்ட நினைத்தால் மூன்று மாதம் முன்பே தொடங்கிவிடுங்கள். தடுப்பூசிக்கும் பயிற்சிக்கும் தேதி கிடைக்கவே நாளாகும், பலகாரத்துக்கு முன்பதிவு எடுப்பதும் பண்டிகைக்குப் பல வாரம் முன்பே நடக்க வேண்டியது.